பட்டாசு மருந்தும் தைராய்டும்: கிணற்று நீர் குறித்து ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: சிவகாசிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 27. இது ஒன்பதாவது வாரக் கர்ப்பம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 5.2 என்று வந்ததால், மருத்துவர் தைராக்ஸின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். என் கணவர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை செய்கிறார். பட்டாசில் சேர்க்கும் பெர்குளோரேட் நிலத்தடி நீரில் இறங்கித் தைராய்டைக் கெடுத்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நாங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறோம். கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா? ஊர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரிலும் குளோரின்தானே இருக்கிறது, அதுவும் ஆகாதா?

பதில்: மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை இன்றே தொடங்குங்கள்; தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகு தொடங்கலாம் என்று ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டின் சுரப்பு போதாதபோது அது ஏறும். கர்ப்பத்தின் இந்த வாரங்களில் அது இயல்பாகவே சற்று இறங்க வேண்டும். உங்களுக்கு அது ஏறி நிற்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டு ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும் என்பதால், அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு உங்கள் ரத்தத்தில் உள்ள ஹார்மோன் ஒன்றே ஆதாரம். தண்ணீரில் பெர்குளோரேட் இருந்தாலும் இந்த மாத்திரையின் பலன் குறையாது. அதற்கான காரணம் அந்தப் பொருளின் அமைப்பிலேயே இருக்கிறது.

குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்து நான்கு வகை அயனிகளை, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களை, உண்டாக்குகின்றன. ஒரு குளோரினுடன் ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் ஹைப்போகுளோரைட், இரண்டு சேர்ந்தால் குளோரைட், மூன்று சேர்ந்தால் குளோரேட், நான்கு சேர்ந்தால் பெர்குளோரேட். ஆக்சிஜன் கூடக்கூட வீரியமும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். தண்ணீரில் கரைந்த நிலையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பெர்குளோரேட்டில் நடுவிலிருக்கும் குளோரினை நான்கு ஆக்சிஜன்கள் நான்முகி வடிவில், ஒன்றுக்கொன்று 109.5 பாகைக் கோணத்தில், எல்லாப் பக்கமும் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு பிணைப்பின் நீளமும் ஏறத்தாழ 0.144 நானோமீட்டர், ஹைப்போகுளோரைட்டில் இதே பிணைப்பு 0.169 நானோமீட்டர் வரை நீண்டு தளர்ந்திருக்கும். அயனியின் எதிர்மின்னேற்றமும் நான்கு ஆக்சிஜன்கள் மீதும் சமமாகப் பரவிவிடுகிறது. ஆகவே வேறொரு பொருள் நெருங்கி வந்து ஆக்சிஜனைப் பறிக்க இடமே கிடைப்பதில்லை. உலர்ந்த தூளாக அலுமினியப் பொடியோடு சேர்ந்து தீப்பொறி பட்டால் வெடிக்கிறது. ராக்கெட் எரிபொருளில் அம்மோனியம் பெர்குளோரேட்டாக இருந்து ஆக்சிஜன் தருகிறது. அதே பொருள் கிணற்று நீரில் கரைந்தபின் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ஆலைகளிலிருந்து கசிந்த பெர்குளோரேட் கொலராடோ ஆற்று நீர் வரை போய்ச் சேர்ந்திருந்தது 1997-இல் தெரிய வந்ததற்கும் எதனோடும் எளிதில் வினைபுரியாத இந்தத் தன்மையே காரணம்.

உடலுக்குள்ளும் அது எதையும் எரிப்பதில்லை, எதையும் ஆக்சிஜனேற்றுவதில்லை. குடித்ததில் பெரும்பகுதி சில மணி நேரங்களுக்குள் உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். பிறகு தைராய்டுக்கு எப்படித் தீங்கு வருகிறது? தைராய்டுச் செல்லின் சுவரில், ஹார்மோன் செய்யத் தேவையான அயோடினை அயோடைடு என்ற அயனி வடிவில் ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே அனுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. ஒற்றை எதிர்மின்னேற்றமும் ஒரு குறிப்பிட்ட பருமனும் இருந்தால் அந்தப் புரதம் ஆள் மாறிவிட்டதைக் கவனிப்பதில்லை. அயோடைடை ஒத்த பருமனும் அதே மின்னேற்றமும் கொண்ட பெர்குளோரேட் அந்த வாசலில் வந்து நின்றுகொள்கிறது. அயோடைடை விட ஏறத்தாழ முப்பது மடங்கு வலுவாக அதைப் பற்றிக்கொள்கிறது என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். தைராய்டு ஸ்கேனுக்கு ஊசியில் செலுத்தும் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமமும் நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த இதே வடிவத்தில்தான் இந்த வாசல் வழியாக நுழைகிறது. (கர்ப்பிணிகள் அந்த ஸ்கேனை எடுக்கக் கூடாது, யாராவது பரிந்துரைத்தால் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.) ஆக, பெர்குளோரேட் அடைப்பது அயோடின் நுழையும் வழியை. நீங்கள் விழுங்கும் மாத்திரையோ அயோடினை ஏற்கெனவே தன்னுள் கொண்டு முழுமையாகத் தயாராகிவிட்ட ஹார்மோன். அதற்கு அந்த வாசலே தேவையில்லை.

பட்டாசுக்காரர்கள் இந்தத் தூளை மருந்து என்று சொல்வது வழக்கம். மருத்துவத்திலும் இது ஒரு காலத்தில் மருந்தாகவே இருந்தது. 1950-களில் தைராய்டு அதிகமாகச் சுரந்தவர்களுக்கு, அந்தச் சுரப்பை அடக்குவதற்காகவே பொட்டாசியம் பெர்குளோரேட்டை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் கொடுத்தார்கள். அடுத்த பத்தாண்டில் சிலருக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்து மரணம் நேர்ந்ததால் அந்தப் பழக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. இன்றும் அரிதாகச் சில நோயாளிகளுக்கு மட்டும் பயன்படுகிறது. தண்ணீரில் கிடைக்கும் அளவு இதிலிருந்து வெகு தொலைவில் உள்ளது என்பதை மனத்தில் வையுங்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமான 37 பேருக்கு இரண்டு வாரம் பெர்குளோரேட் கொடுத்துப் பார்த்ததில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 7 மைக்ரோகிராம் வரை தைராய்டு அயோடின் எடுப்பதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 55 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளுக்கு 385 மைக்ரோகிராம் ஆகிறது. குடிநீரில் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த 37 பேரில் கர்ப்பிணி யாரும் இல்லை. நலமான பெரியவர்களின் தைராய்டில் பல வாரங்களுக்குத் தாங்கும் ஹார்மோன் இருப்பு உண்டு; பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை.

உங்கள் பகுதி நீரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது வெறும் வதந்தி அல்ல. தென்னிந்திய நீர்நிலைகளைச் சோதித்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்து நிலத்தடி நீரில் பெர்குளோரேட் மற்ற இடங்களை விட மிகுதியாக இருந்தது. மிக அதிகமான ஒரு மாதிரியில் லிட்டருக்கு ஏழாயிரம் மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு தம்ளர் குடித்தாலே மேலே சொன்ன 385-ஐப் போல் சில மடங்கு ஆகிவிடும். அதற்காக எல்லாக் கிணறுகளும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஆய்விலேயே கிணற்றுக்குக் கிணறு பெரிய வேறுபாடு இருந்தது. பக்கத்து வீட்டு நீரின் முடிவை வைத்து உங்கள் வீட்டு நீரை அளக்க முடியாது. வழக்கமான குடிநீர்ச் சோதனையில் பெர்குளோரேட் இடம்பெறாது, உப்பளவு காட்டும் டி.டி.எஸ். கருவியும் இதைக் காட்டித் தராது; ஆய்வகத்தில் பெயர் சொல்லிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கொதிக்க வைப்பது பயன் தராது. இந்த உப்பு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட லிட்டருக்கான அளவு கூடத்தான் செய்யும். படிகாரமோ சாதாரணக் கரி வடிகட்டியோ இதற்குப் போதாது. ஆர்.ஓ. கருவி, அதன் சவ்வு நல்ல நிலையில் இருந்தால், பெரும்பகுதியை நீக்கிவிடும். அது வெளியேற்றும் கழிவு நீரில் எல்லா உப்பும் செறிந்திருப்பதால் அதைச் சமையலுக்கோ ஆடு மாடுகளுக்கோ வைக்கக் கூடாது. உங்கள் ஊருக்கு ஆற்று நீர் சார்ந்த கூட்டுக் குடிநீர் வருகிறது என்றால், பிள்ளை பெற்றுப் பாலூட்டி முடிக்கும் வரையாவது, குடிக்கவும் உலை வைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர் போதும். தோல் வழியே இது பொருட்படுத்தும் அளவில் உள்ளே போகாது.

பிளீச்சிங் பவுடரைப் பற்றிய அச்சம் தேவையற்றது. அதிலிருப்பது ஹைப்போகுளோரைட். ஒற்றை ஆக்சிஜனைத் தளர்வாகப் பிடித்திருக்கும் அந்த அயனி, கிருமியையோ அழுக்கையோ கண்டவுடன் அதைக் கொடுத்துவிட்டுச் சாதாரண உப்பில் இருக்கும் குளோரைடாக மாறிவிடுகிறது. தைராய்டு வாசலில் போய் நிற்கும் அளவுக்கு அது பிழைத்திருப்பதில்லை. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் கர்ப்பிணிக்கு எத்தனை ஆபத்து என்பதை வார்டில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தொட்டியில் குளோரின் போடுவதைத் தடுக்க வேண்டாம். கழிவறை ஆசிட்டுடன் மட்டும் அந்தப் பவுடரைக் கலக்கக் கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பிவிடும்.

தண்ணீரைக் காட்டிலும் நான் கவலைப்படுவது உங்கள் வீட்டு உப்பு டப்பாவைப் பற்றி. அமெரிக்காவில் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், வேலை நாட்களில் தைராய்டு எடுத்துக்கொள்ளும் அயோடின் குறைந்ததே தவிர, டி.எஸ்.எச். கெடவில்லை. அந்த நாட்டு உணவில் பொதுவாக அயோடினுக்குப் பஞ்சம் இல்லை. அதே நாட்டில், சிறுநீரில் அயோடின் குறைவாக இருந்த பெண்களிடம் பெர்குளோரேட் கூடக்கூட டி.எஸ்.எச். கூடியதை 2006-இல் கண்டார்கள். வாசலில் அயோடைடு கூட்டமாக வந்து நின்றால் போட்டியில் அதற்கே இடம் கிடைக்கும் என்பதே இதன் விளக்கம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கல் உப்பு போட்டுச் சமைக்கும் வீடுகளில் பலவற்றில் அது கிடைப்பதில்லை. அயோடின் சேர்த்த உப்பு என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி, மூடிய டப்பாவில் வைத்து, சமையலின் இறுதியில் போடுங்கள். பால், தயிர், முட்டை, கடல் மீன் ஆகியவையும் உதவும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட்டும், உரம் இறங்கிய கிணற்றின் நைட்ரேட்டும் பெர்குளோரேட்டை விட வலு குறைந்தவை என்றாலும் அதே வாசலில்தான் போட்டியிடுகின்றன. பீடி, சிகரெட் புகையாலும் உடலில் தயோசயனேட் உண்டாகிறது. அயோடின் மாத்திரையையோ கடற்பாசி மாத்திரையையோ உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அளவு மீறிய அயோடினும் தைராய்டை முடக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் டி.எஸ்.எச். உயர்ந்ததற்குப் பெர்குளோரேட்தான் காரணம் என்று இந்த ஒரு எண்ணை வைத்துக் கூற முடியாது. இந்த வயதுப் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது, உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நிலை. ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை அதைத் தெளிவாக்கும். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது சேர்த்துக் கேளுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துச் சாப்பிடுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

கணவர் ஆலையிலேயே கைகால் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு வருவது நல்லது. வேலைத் துணியைத் தனியாக நனைத்துத் துவையுங்கள். மருந்துத் தூள் படிந்த பருத்தித் துணி அடுப்பருகே இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பால் சுரப்பியிலும் அதே அயோடின் வாசல் இருப்பதால், அயோடின் உப்பும் மாற்றுக் குடிநீரும் அப்போதும் தொடரட்டும். குழந்தை பிறந்து இரண்டு நாள் கழிந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்த்துவிடச் சொல்லுங்கள்.