உங்கள் தகவல் எல்லை தாண்டும்போது: வாசகர் கேள்விகள்

கே: சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பிவிட்டேன். அங்குள்ள வங்கிக் கணக்கைப் பற்றி வருமான வரித்துறையிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. என்னைக் கேட்காமல் யார் கொடுத்தது?

ப: உங்கள் வங்கிதான், அந்நாட்டு வரித்துறை வழியாக. சிஆர்எஸ் (Common Reporting Standard) என்ற பன்னாட்டு ஏற்பாட்டில் இந்தியா 2017 முதலும் சிங்கப்பூர் 2018 முதலும் கணக்கு விவரங்களைப் பரிமாறுகின்றன. பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி எண், கணக்கு எண், ஆண்டு இறுதி இருப்பு, வட்டி எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை தானாகவே போகும். இதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் எந்த நாட்டுக்குப் போகும் என்பது, வங்கியில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தில் 'வரி வசிப்பிடம்' (எந்த நாட்டு வரிச் சட்டப்படி நீங்கள் வசிப்பவர்) என்ற கட்டத்தில் எழுதியதைப் பொறுத்தது. யாரும் நிதானமாகப் படிக்காத கட்டம் அது. நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிழை இருந்தால் வங்கியிலேயே திருத்துங்கள். வரித்துறைக்கு மட்டும் விளக்கம் கொடுத்தால் அடுத்த வருஷமும் அதே தவறுதான் வரும்.

அப்புறம், எஸ்எம்எஸ்ஸில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். வரித்துறை இணையதளத்தில் நீங்களே லாகின் செய்து பாருங்கள். கணக்கு உங்களுடையதுதான் என்றால், வரிச் சட்டப்படி நீங்கள் மீண்டும் முழு 'ரெசிடென்ட்' ஆன ஆண்டிலிருந்து ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை நிரப்பியாக வேண்டும்.

கே: அரசாங்கத்திடம் உள்ள தகவல் பத்திரமாகத்தானே இருக்கும்?

ப: அப்படி நம்பிவிட முடியாது. 2019-இல் பல்கேரியாவின் வரித்துறைக் கணினிக்குள் புகுந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். அந்நாட்டின் மக்கள்தொகையே சுமார் 70 லட்சம்தான். பிற நாடுகள் அனுப்பியிருந்த வரித் தகவல்களும் அதில் சிக்கின. பாதிக்கப்பட்ட ஒருவர் வழக்குப் போட, 'தகவலைத் தவறாகப் பயன்படுத்துவார்களோ என்ற அச்சமே ஒரு பாதிப்பாகலாம்' என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. எனக்கு மிகவும் பெரிதாகப் படும் தீர்ப்பு அது. இங்கோ 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு 17-ஆம் பிரிவிலேயே விலக்குத் தருகிறது. இது சரியல்ல. தகவலை வாங்கும் அரசும் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும்.

கே: முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. கனடா விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். இரு நாடுகளும் குடிவரவுத் தகவலையும் கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மறுப்பு ஒரு குறை. மறைப்பு 5 வருஷத் தடை. உங்களைப் பற்றிக் கனடா அரசு என்ன பதிவு வைத்திருக்கிறது என்பதை, 2022 ஜூலை முதல் வெளிநாட்டிலிருந்தும் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

கே: பிரான்ஸில் அகதியாக ஏற்கப்பட்ட ஈழத்தமிழன் நான். இலங்கை அரசு என் பெயரை இண்டர்போலுக்குக் கொடுத்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

ப: இண்டர்போல் இணையதளத்தில் தேடிப் பெயர் இல்லையென்று நிம்மதியாகிவிடாதீர்கள். சிவப்பு அறிவிப்புகளில் (ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லி மற்ற நாட்டுப் போலீசுக்குப் போகும் வேண்டுகோள்) பெரும்பாலானவை வெளியிடப்படுவதில்லை. நீங்கள் இருக்கும் பிரான்ஸின் லியோன் நகரிலேயே இண்டர்போல் கோப்புகளைக் கண்காணிக்கும் ஆணையம் இருக்கிறது. கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் அனுப்பினால் போதும், கட்டணமில்லை. விண்ணப்பத்தை ஏற்றபின் 4 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. அரசியல் காரணத்துக்காகத் தேடுவதை இண்டர்போல் அமைப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் அகதி அந்தஸ்தும் வலுவான வாதம். ஒன்று மட்டும் கவனம்: பதில் தருமுன் தகவல் கொடுத்த நாட்டுடனும் ஆணையம் கலந்தாலோசிக்கும். அதனால் வீட்டு முகவரியைப் போடாமல், வழக்கறிஞர் மூலமாகவே எழுதுங்கள்.