சென்சார் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் 12,000 ரூபாயா?

கேள்வி: வேளச்சேரி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு நகரச் சூழலியலைச் செயலிகள் வைத்து நடத்த ஆசை. ஒரு தனியார் நிறுவனம் 3 நாள் பயிற்சி, சான்றிதழ், காற்றுத் தரம் அளக்கும் கருவி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் கேட்கிறது. பதவி உயர்வுக்கும் உதவுமாம். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். பதவி உயர்வு பணிமூப்பையும் துறை கேட்கும் தகுதிகளையும் வைத்து வருவது. 3 நாள் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். ‘ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கிறார்’ என்று முகவர் ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கருவி விஷயம் அதைவிட மோசம். மலிவான தூசு சென்சார், துகளில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் அளக்கிறது. ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை வாங்கி உப்பும், அளவும் எகிறும். மார்கழிக் காலையில் அது காட்டும் எண்ணைப் பிள்ளைகள் அப்படியே சார்ட்டில் எழுதி ஒட்டுவார்கள். திருத்திக் கொடுக்க யாரும் திரும்பி வரமாட்டார்கள். பெட்டியை விற்கத்தான் பயிற்சியே!

துறைப் பயிற்சிக்குக் காத்திருக்கலாமா என்றால், அதுவும் எனக்குச் சலித்துவிட்டது. கருத்தாளர் நாள் முழுக்க ஸ்லைடைப் படிப்பார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தை யாரும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார்கள். ஹைடெக் லேப்போ மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்தின் வேலைக்கே சரியாகப் போகிறது.

உங்களுக்கு ஒரு வேப்பமரமும் ஒரு போனும் போதும். மரங்களின் பருவ மாற்றத்தைப் பதியும் சீசன்வாட்ச் செயலி இலவசம். ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, துளிர், மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். பறவைகளைப் பதிய இபேர்ட் செயலி. வளாகத்தில் 15 நிமிடம் நின்று எண்ணச் சொல்லுங்கள். கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக் காகம், முழுக்கக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை. இதிலேயே ஒரு பீரியடு ஓடிவிடும். பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் ஏறிய சதுப்புநிலம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் வரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். மாணவர் பெயரில் கணக்கு திறக்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பள்ளியில் பார்த்தது என்றால் உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். மாணவி தன் வீட்டு மாடியில் பார்த்த குயில் என்றால்? நோட்டில் எழுதி வரட்டும். இடம் கேட்டால் ‘வேளச்சேரி’ என்று மட்டும் போடுங்கள், தெருவோ வரைபடப் புள்ளியோ வேண்டாம். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இதேதான். பிள்ளை முகம் தெரியும் படமும் கூடாது.

அப்புறம், முன்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா? ரசீதோடு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப் பேச்சு உதவாது. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.