டாக்மே 95 என்ற டென்மார்க் சினிமா இயக்கத்தின் இயக்குநர்கள், படம் எடுக்கத் தாங்கள் போட்ட விதிகளைத் தாங்களே மீறியதாக ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் அந்த விதிகளுக்கு என்ன மதிப்பு?

நிறையவே மதிப்பு இருக்கிறது. அவர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள் என்று பாருங்கள், புரியும்.

லார்ஸ் வான் ட்ரையரும் தாமஸ் விண்டர்பெர்க்கும் எழுதிய பத்து விதிகள், 1995 மார்ச்சில் பாரிஸில் அறிவிக்கப்பட்டன. செட் போடக் கூடாது, வெளியிலிருந்து பொருள் கொண்டுவரக் கூடாது, தனி விளக்கு கூடாது, கேமரா கையில்தான் இருக்க வேண்டும், ஒலியைப் பின்னால் சேர்க்கக் கூடாது. இயக்குநர் பெயரைக்கூடப் போடக் கூடாது.

இந்த வரிசையில் முதல் படம் விண்டர்பெர்க்கின் 'ஃபெஸ்டன்'. 1998-இல் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. அந்தப் படத்துக்கு அவர் எழுதிய ஒப்புதலில், ஒரு ஷாட்டில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்ததைச் சொல்கிறார். துணி வெளியிலிருந்து வந்த பொருள், வெளிச்சத்தை அடைத்ததால் அதுவே ஒளியமைப்பும் ஆகிவிட்டது என்று தன் மேல் இரண்டு குற்றம் சுமத்திக்கொள்கிறார். இன்னொரு ஷாட்டில் கேமராவை மைக் கம்பில் கட்டியதால் அது பாதிதான் கையில் இருந்ததாம். விதியைப் பேருக்குப் போட்டவருக்கு இதெல்லாம் உறுத்தாது.

எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன். நான் சேலத்துக்காரன். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-இல் தந்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் ஏற்காட்டுக்குப் போவோம். செட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து கிளம்பி, செட்டே இல்லாமல் ஒரு குறும்படம் எடுக்க நண்பர்கள் மூன்று பேர் மலை ஏறினோம். காப்பித் தோட்டத்து லைன் வீடு, அம்மாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி. அங்கே கேட்கும் சத்தம் மட்டும்தான் படத்தில் வரும் என்பது என் விதி.

முதல் டேக்கில் மகன் எழுந்திருக்கும் நொடியில் அடுப்பில் இருந்த குக்கர் விசிலடித்தது. அவ்வளவு பொருத்தம். ஆனால் ஃபோகஸ் போய்விட்டது. இரண்டாவது டேக்கில் நடிப்பு அருமை, விசில் வரவில்லை. அந்த வீட்டு அக்கா, "இன்னொருக்கா அரிசி போடட்டுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாங்க்கா, தானாக வந்தால்தான் சரி என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்று ராத்திரி எடிட்டிங்கில், முதல் டேக்கின் விசிலை வெட்டி இரண்டாவதில் ஒட்டினேன். இரண்டும் ஒரே அடுப்பு, ஒரே குக்கர், ஒரே மத்தியானம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரையிட்ட அன்று எல்லோரும் பாராட்டியது அந்த விசிலைத்தான்.

அந்த விதி இல்லாவிட்டால் விசில் எங்கே விழ வேண்டும் என்று அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கவே மாட்டேன். விண்டர்பெர்க்கும் அந்தத் துணியைத் தொங்கவிடும்போது ஜன்னல் வெளிச்சத்தை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

போன மாதம் படத்தின் கடைசியில் ஒரு கார்டு சேர்த்தேன்: "குக்கர் விசில் வேறு டேக்கில் பதிவானது." அந்த அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "அதுக்குத்தான் அன்னைக்கே அரிசி போடறேன்னு சொன்னேன்" என்றார்.