வாஷ்பேசின் குழாய்கள் துருப்பிடித்துக்கொண்டே இருக்கின்றன, என்ன செய்வது?

வாஷ்பேசின் குழாயையும் அடியில் உள்ள இணைப்புகளையும் எதைப் போட்டுத் துடைத்தால் துரு போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். துடைக்கும் முன் நிறத்தைப் பாருங்கள். நான் சென்னை காசிமேட்டில் குடியிருக்கிறேன். கடற்காற்றும் உப்பேறிய போர்வெல் தண்ணீரும் சேர்ந்த எங்கள் பக்கத்தில் வெள்ளை, பச்சை, செம்பழுப்பு என மூன்று நிறங்களையும் ஒரே பேசினில் பார்க்கலாம்.

வெள்ளையாக, சுரண்டினால் பொடியாக உதிர்வது தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு, துரு அல்ல. வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைத்து, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். பச்சையாக இருந்தால் பித்தளைக் களிம்பு. முலாம் உரிந்துவிட்டது என்று பொருள். மரை ஓரத்தில் பச்சை கட்டியிருந்தால் அங்கே தண்ணீர் கசிகிறது. டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றி இறுக்க வேண்டும்.

செம்பழுப்புதான் கவலைக்குரியது. பெரும்பாலும் அது சுவரிலிருந்து வரும் ஜி.ஐ. நிப்பிளில், அதாவது துத்தநாகம் பூசிய குட்டை இரும்புக் குழாய்த் துண்டில் இருக்கும். அதில் மாட்டியிருக்கும் ஆங்கிள் காக்கை (பேசினுக்கு அடியில் தண்ணீரை அடைக்கும் பித்தளைத் திருகுக் குழாய்) பிளம்பரைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்: மரை செதில் செதிலாகக் கையோடு வரும், உள்துளை ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்கு அடைத்திருக்கும். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக. இதற்குப் பெயின்டும் எம்சீல் பசையும் பூசுவது வீண் செலவு. நிப்பிளை எடுத்துவிட்டு, பித்தளை மரை பதித்த சி.பி.வி.சி. எல்போ (பிளாஸ்டிக் முழங்கை இணைப்பு) போடச் சொல்லுங்கள். பழைய நிப்பிளை நீங்களே திருகாதீர்கள். சுவருக்குள் முறிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். பேசினின் கழிவுநீர் இறங்கும் பாட்டில் டிராப்பும் பிளாஸ்டிக்கே போதும், அது கண்ணில் படும் இடமில்லை.

கழிப்பறைக்கான ஆசிட்டைக் குழாயில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பளபளப்பு ஒரு நாள்தான்; முலாம் போய்விடும். மூடி இறுகாத ஆசிட் பாட்டிலைப் பேசினுக்கு அடியில் வைத்தாலே அதன் ஆவி ஸ்டீலை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு அதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

ஸ்டீல் பின்னல் போட்ட இணைப்புக் குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை அறுந்து குத்தினாலும் அன்றே மாற்றிவிடுங்கள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அது வெடித்தால் மாடித் தொட்டித் தண்ணீர் மொத்தமும் வீட்டுக்குள் இறங்கிவிடும்.