அந்த மேனேஜரை மாத்தினா டீம் ஜெயிச்சிடுமா?

கேள்வி: நான் அமெரிக்கால இருக்கேன். எங்க ஊர்ல ஒரு மைனர் லீக் பேஸ்பால் டீம் இருக்கு (மேஜர் லீக்குக்குப் பசங்களைத் தயார் பண்ற கீழ்மட்ட லீக்), ஹை-ஏ லெவல். ஜூன்ல முதல் பாதி முடியறப்ப டேபிள்ல முதல் இடம். அதுக்கப்பறம் தோல்வி மேல தோல்வி, இப்ப ஆகஸ்ட் கடைசில அடில கிடக்கு. காசு கொடுத்து சீசன் டிக்கெட் எடுத்தவன் நான். பசங்ககிட்ட வெறியே இல்ல, மேனேஜரோ நல்லா போட்டுட்டு இருக்கற பிட்ச்சரை (பந்து போடறவன்), ஒன்பது இன்னிங்ஸ் மேட்ச்ல அஞ்சாவது இன்னிங்ஸ்லயே வெளிய கூப்பிட்டுடறார். போன வாரம் பொறுக்காம நானும் கூட்டத்தோட சேந்து கத்திட்டேன். இந்த மேனேஜரை மாத்தணுமா வேணாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வேணாம். மாத்தினாலும் ஒண்ணும் நடக்காது. கோவம் வர்றது நியாயம்தான், காசு கொடுத்து உக்காந்து பாக்கறவருக்கு வராம என்ன பண்ணும், ஆனா நீங்க கத்தினது சம்பந்தமே இல்லாத ஆளைப் பாத்து.

முதல்ல ஒரு விஷயம். உங்க ஊர் டீம் ஓனர் கையில இருக்கறது ஸ்டேடியம், டிக்கெட், ஹாட் டாக் கடை, பட்டாசு விடற வெள்ளிக்கிழமை, இவ்வளவுதான். பிளேயர், மேனேஜர், கோச் எல்லாரும் மேல இருக்கற மேஜர் லீக் டீமோட ஆளுங்க, சம்பளமும் அங்கேருந்துதான் வருது. எந்தப் பையன் எத்தனை பந்து போடணும், யாரு எந்த லெவல்ல (ஹை-ஏ, அதுக்கு மேல டபுள்-ஏ, அதுக்கும் மேல ட்ரிபிள்-ஏ) ஆடணும்னு முடிவு பண்றதும் அவங்கதான். மேனேஜருக்கு மேலேருந்து வர்ற உத்தரவு "பையனை வளத்து அனுப்பு"ங்கறது, மேட்ச் ஜெயிக்கறது அதுக்கு அப்பறம்தான்.

2023ல பால்ட்டிமோர் ஓரியோல்ஸ்ங்கற மேஜர் லீக் டீம்ல நடந்ததைப் பாருங்க. ஜாக்சன் ஹாலிடேன்னு 19 வயசுப் பையன், 2022 டிராஃப்ட்ல (புதுப் பசங்களை டீமுங்க வரிசையா எடுக்கறது) முதல் ஆளா எடுத்தாங்க. சீசனை ஹை-ஏக்குக் கீழ இருக்கற டெல்மார்வால ஆரம்பிச்சான், ஏப்ரல் முடியறதுக்குள்ள ஹை-ஏ அபர்டீனுக்குத் தூக்கிட்டாங்க, ஜூலைல டபுள்-ஏ போவி, செப்டம்பர்ல ட்ரிபிள்-ஏ நார்ஃபோக். ஒரே கோடைல நாலு டீம்! மேல இருந்த நார்ஃபோக் அந்த வருஷம் ட்ரிபிள்-ஏ சாம்பியன், அதுக்கும் மேல பால்ட்டிமோர் 101 மேட்ச் ஜெயிச்சுது, ஊரே கொண்டாடுச்சு. ஆனா ஜூலைல அபர்டீன் ஸ்டேடியத்துல சீசன் டிக்கெட்டோட உக்காந்திருந்தவரை யோசிச்சுப் பாருங்க, முந்தாநாள் வரைக்கும் அவர் கை தட்டின பையன் இன்னிக்கு இல்ல, அந்த இடத்துல கீழ் லெவல்லேருந்து வந்த இன்னொருத்தன் நிக்கறான். உங்க ஊர்ல நடக்கறதும் இதேதான். ஜூன்ல ஜெயிச்சுக் கொடுத்தவன் ஜூலைல மேல போயிட்டான், நீங்க இப்ப பாக்கறது சட்டை மட்டும் அதே, உள்ள இருக்கற ஆளுங்க வேற.

மிச்சம் இருக்கறவங்க நிலைமை என்னன்னு பாப்போம். காலேஜ்ல ஒரு ரெகுலர் சீசனுக்கு அதிகபட்சம் 56 மேட்ச். ஹை-ஏல 132. செவ்வாய்லேருந்து ஞாயிறு வரைக்கும் தினம் மேட்ச், திங்கள் ஒருநாள் லீவு, பாதி திங்கள் பஸ்லயே போயிடும். போன வருஷம் வரைக்கும் காலேஜ்ல ஆடிட்டு இருந்த பையனுக்கு ஜூன்லயே அவன் வாழ்க்கைல ஆடின எந்த சீசனையும் விட அதிக மேட்ச் ஆகியிருக்கும், ஆகஸ்ட் வெயில்ல பேட் கனக்க ஆரம்பிக்கும், ஏப்ரல்ல வெளாசின அதே பந்தை இப்ப ஒரு நொடித்துளி லேட்டா சுத்துவான். அதைப் பாத்துட்டு வெறி இல்லன்னு சொல்லாதீங்க சார், அது அசதி. 2023ல பிளேயர்ஸ் யூனியன் போட்ட முதல் ஒப்பந்தத்துக்கு முன்னாடி ஹை-ஏல குறைஞ்சபட்ச வருஷ சம்பளம் 11,000 டாலர், அதுக்கப்பறம்தான் 27,300 ஆச்சு. இந்தக் காசுக்கு ராத்திரி பஸ்ல தூங்கி மறுநாள் சாயந்தரம் கிரவுண்டுல நிக்கறவனுக்கு வெறி இல்லாம எப்படி?

பிட்ச்சர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு நிஜமாவே கோவம் வந்தது அந்த வரியைப் படிச்சப்பதான். நானும் ஒரு ஆகஸ்ட் சாயந்தரம் டக்கவுட்டுக்குப் (பிளேயர்கள் உக்கார்ற இடம்) பக்கத்துல உக்காந்து ஒரு மைனர் லீக் மேட்ச் பாத்திருக்கேன். பிட்ச்சிங் கோச் கையில சின்னதா ஒரு கவுன்ட்டர், பையன் ஒவ்வொரு பந்து போட்டப்பவும் கட்டைவிரலால ஒரு அமுக்கு. அஞ்சு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்திருந்தான். உள்ள வந்தான், கோச் அந்தக் கவுன்ட்டரைத் திருப்பிக் காட்டினார், ஒரு வார்த்தை பேசல, பையன் தலையாட்டிட்டு பெஞ்சுல உக்காந்து தோள்ல ஐஸ் கட்டிக்கிட்டான். அடுத்து வந்தவன் ரன்னைக் கொட்டினான், டீம் தோத்துது. சுத்தி இருந்தவங்க மேனேஜரைத் திட்டினாங்க. அந்தக் கணக்கு அவர் போட்டதே இல்ல.

ஏன் இவ்வளவு பயம்னா, முழங்கை. மேஜர் லீக் டீம் வாஷிங்டன் நேஷனல்ஸ் 2012ல என்ன பண்ணாங்கன்னு நினைச்சுப் பாருங்க. ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், டீமோட பெரிய பிட்ச்சர், 2010ல முழங்கை ஆபரேஷன் ஆனவர், 159 இன்னிங்ஸ் தாண்டினதும் செப்டம்பர்ல உக்கார வெச்சுட்டாங்க. டீம் டிவிஷன்ல முதல் இடம், பிளே-ஆஃப் கண்ணு முன்னாடி. இருந்தும் நிறுத்தினாங்க, பிளே-ஆஃப்ல முதல் சுத்துலயே தோத்தாங்க. அது சரியா தப்பான்னு இன்னும் சண்டை நடக்குது, ஆனா 2019ல அதே ஸ்ட்ராஸ்பர்க்தான் அதே டீமுக்கு வேர்ல்ட் சீரிஸ்ல (மேஜர் லீக் ஃபைனல்) எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர். மேஜர் லீக்லயே இப்படின்னா, உங்க ஊர்ல இருபது வயசுப் பையன் கையை ஒரு ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை மேட்சுக்காக யாரு பணயம் வெப்பாங்க?

கத்தணும்னா ஒரு விஷயத்துக்கு கத்துங்க, நானும் சேந்துக்கறேன். மேல இருக்கற டீம் நல்ல பையனை எடுத்துட்டுப் போறப்ப ஸ்டேடியத்துல அன்னிக்கு ஸ்க்ரீன்ல அவன் பேரைப் போட்டு சொல்லிட்டுப் போகட்டும். நேத்து வரைக்கும் அவனுக்காக வந்த சின்னப் பசங்க இன்னிக்கு கையெழுத்து வாங்க பந்தும் பேனாவும் வெச்சுக்கிட்டு வேலிகிட்ட நின்னு தேடறாங்க, யாரும் சொல்றதில்ல.

அப்பறம் நீங்க ஒண்ணை கவனிக்கல. ஹை-ஏல சீசன் ரெண்டு பாதி. முதல் பாதில முதல் இடம் வந்த டீமுக்கு பிளே-ஆஃப் சீட்டு அப்பவே கன்ஃபர்ம், ரெண்டாவது பாதி திரும்ப பூஜ்யத்துலேருந்து ஆரம்பம். நீங்க சொல்ற மாதிரி முதல் பாதி முடிஞ்சப்ப முதல் இடம்னா, அடில கிடக்கற இந்த டீம் செப்டம்பர்ல பிளே-ஆஃப் ஆடப்போகுது. அந்த சீட்டை வாங்கிக் கொடுத்தவங்கள்ல நிறைய பேர் அன்னிக்கு வேற ஊர்ல இருப்பாங்க. ஆடப்போறது நீங்க போன வாரம் பாத்துக் கத்தின அதே பசங்கதான். டிக்கெட்டை வெச்சுக்கோங்க, போங்க.