டீசல் கொட்டிய மண்ணுக்குப் பாக்டீரியா வாங்க வேண்டுமா? – கேள்வி பதில்

மண், தண்ணீர், பண்ணைக் கழிவு ஆகியவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் கசிந்து மண் ஊறிவிட்டது. எண்ணெய் தின்னும் பாக்டீரியா பொடி தூவினால் போதுமா சார்?

பொடி வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். டீசலைத் தின்னும் பாக்டீரியா அநேகமாக எல்லா மண்ணிலும் உண்டு. டீசலில் அவற்றுக்குக் கார்பன் ஏராளம்; ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைக்காது. எண்ணெய் ஊறிய மண்ணுக்குள் காற்றும் சரியாகப் போகாது. ஆள் இருக்கிறது, வேலைக்கு வேண்டிய சாமான்தான் இல்லை.

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அப்போது கரையோரக் கற்கள்மேல் பெரிய அளவில் போட்டது உரத்தைத்தான். எண்ணெயைத் தின்றவை அந்தக் கரையிலேயே இருந்த பாக்டீரியாக்கள்.

உங்கள் மண்ணுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 100 கிலோ மண்ணில் 1 கிலோ டீசல் இருந்தால், அதில் கார்பன் சுமார் 860 கிராம். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்பது பொதுவாகக் கையாளும் விகிதம். அதன்படி ஏறக்குறைய 190 கிராம் யூரியாவும் 120 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் வேண்டும். ஒரே தடவையில் போடாதீர்கள். ஆரம்பத்தில் நான் அப்படி மொத்தமாகக் கொட்டி, அம்மோனியா நெடியில் கண் எரிந்ததுதான் மிச்சம்; பாக்டீரியாவும் அடங்கிப்போனது. நாலு பங்காகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு பங்கு போடுங்கள்.

மண்ணைத் தோண்டியெடுத்து, கெட்டியான தார்ப்பாயின் மேல் ஒரு அடி உயரத்துக்குள் பரப்புங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். மழை வந்தால் மூடிவிடுங்கள். எண்ணெய் கரைந்தோடி அடுத்த இடத்தைக் கெடுக்க விடாதீர்கள். வெயில் காலத்தில் சில மாதங்கள் பிடிக்கும், குளிரில் வேலை மிகவும் மந்தமாகிவிடும்.

வாடை போய்விட்டால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. லேசான பகுதி ஆவியாகிப் போனாலே வாடை குறைந்துவிடும், கனமான பகுதி மண்ணில் அப்படியே இருக்கும். ஆய்வகத்தில் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவைப் பாருங்கள். தொடங்கும் முன் ஒரு மாதிரி, பிறகு ஒரு மாதிரி. முதல் மாதிரியை எடுக்க மறந்துவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

ஈயம், காட்மியம் கலந்த மண்ணையும் பாக்டீரியா தின்றுவிடுமா?

தின்னாது. டீசல் பல சேர்மங்களின் கலவை, அவற்றை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக்கலாம். ஈயம் ஒரு தனிமம். அதை எந்த உயிராலும் அழிக்க முடியாது. சில உலோகங்களின் நிலையை மட்டும் நுண்ணுயிர்கள் மாற்றும். நீரில் எளிதில் கரைந்து நகரும், நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை, அதிகம் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. அப்போதும் குரோமியம் மண்ணில்தான் கிடக்கும். பாதரசத்தில் இன்னும் கவனம் வேண்டும்: காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்கி, முன்னைவிட ஆபத்தாக்கிவிடும்.

சாணக் குவியல் பயங்கரமாக நாறுகிறது. என்ன கலக்கலாம்?

எந்த நாற்றம் என்று முதலில் பாருங்கள். மூக்கைச் சுள்ளென்று குத்தினால் அம்மோனியா: நைட்ரஜன் அதிகம், வைக்கோலோ மரத்தூளோ சேருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றில்லை: பிரித்துப் போட்டுக் கிளறுங்கள். கார்பனும் நைட்ரஜனும் 30-க்கு 1 என்ற அளவில் இருந்தால் குவியல் தானாகச் சூடேறும். நடுவில் 55 டிகிரி தாண்டி சில நாட்கள் நிற்க வேண்டும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அதில் சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டினால்தான் முழுக் குவியலுக்கும் அந்தச் சூடு கிடைக்கும். புரட்டும்போது உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை. பயப்பட வேண்டாம், நல்ல அறிகுறி.

நன்றாக மக்கிய எரு போட்டும் தக்காளி இலை சுருண்டுவிட்டது. ஏன் ஐயா?

மாடு தின்ற புல்லிலோ வைக்கோலிலோ அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லி அடித்திருக்கலாம். அது மாட்டின் வயிற்றையும் தாண்டி, மக்கும் குவியலிலும் எளிதில் சிதையாமல் நிற்கும். எருவும் மண்ணும் கலந்து ஒரு தொட்டியில், வெறும் மண் இன்னொன்றில் என்று அவரை விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் புதுத் தளிர் கிண்ணம்போல் குவிந்தால் சந்தேகம் உறுதி. அந்த எருவைத் தக்காளி, அவரை வகைகளுக்குப் போடாதீர்கள்.

கிணற்று நீரில் நைட்ரேட் அதிகம். சர்க்கரை போட்டால் பாக்டீரியா நீக்கிவிடும் என்கிறார்களே?

குடிக்கிற கிணற்றில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்குக் கார்பன் உணவு வேண்டும் என்பது உண்மைதான். வயல் வடிகால் ஓரத்தில் மரச்சில்லு நிரப்பிய பள்ளம் வெட்டி இதைச் செய்கிறார்கள். கிணற்றில் சர்க்கரை போட்டால் மற்றக் கிருமிகளும் சேர்ந்து பெருகும். கொதிக்க வைப்பதும் உதவாது. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, வேறு தண்ணீர் பாருங்கள்.

குளத்துக்கு ஒருவர் பாக்டீரியா திரவம் விற்கிறார். நம்பலாமா?

நீங்களே சோதிக்கலாம். குளத்து நீரும் சேறும் சம அளவில் மூன்று வாளிகளில் எடுங்கள். ஒன்றில் திரவத்தை ஊற்றுங்கள். இன்னொன்றில் அதே திரவத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதே அளவு ஊற்றுங்கள். மூன்றாவதில் ஒன்றும் வேண்டாம். இரண்டு வாரம் நிறம், வாடை, அம்மோனியா அளவு மூன்றையும் குறித்து வாருங்கள். கொதித்ததும் கொதிக்காததும் ஒரே பலன் தந்தால், வேலை செய்தது பாட்டிலில் இருந்த பாக்டீரியா அல்ல. மூன்றுமே ஒன்றுபோல் இருந்தால் அந்தக் காசில் குளத்துக்கு ஒரு காற்றூதி வாங்குங்கள். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க பாக்டீரியாவுக்கு 4.5 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது.