களிப்பாறையின் வயதும் உங்கள் மகளின் ஜியாலஜி விருப்பமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியின் களிப்பாறை மேடுகளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகள் ஜியாலஜிதான் படிப்பேன் என்று நிற்பதாகவும், கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலை உண்டு, ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் வாய்ப்புகள் குறைவு. ஐந்தாண்டுப் படிப்பாகவே இதைத் திட்டமிடுங்கள்.

அந்தப் பாறைக்குச் சுமார் பத்துக் கோடி வயது என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள், நல்ல கேள்வி. உயிர்ப்பொருள்களின் வயதைக் காணும் கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. களிப்பாறையோ கடலடிச் சேறு இறுகி உருவானது; அச்சேற்றின் துகள்கள் அதனினும் பழைய பாறைகள் சிதைந்து வந்தவை என்பதால், அவற்றை அளந்தால் தாய்ப்பாறையின் வயதுதான் கிடைக்கும், சேறு படிந்த காலம் கிடைக்காது. காரையில் கைகொடுப்பவை, விரைவாக இனம் மாறி மறைந்த அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்கள்; ஒவ்வொரு இனமும் குறுகிய காலமே வாழ்ந்ததால், எந்த இனம் கிடைக்கிறது என்பதை வைத்து அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம். அத்தகைய உயிர்கள் தோன்றுவதற்கு முந்தைய, மத்திய இந்தியாவின் விந்தியப் படிவுகளிலோ, களிப்பாறை அடுக்குகளோடு சேர்ந்து படிந்த எரிமலைச் சாம்பலிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களைத் தேடிப் பிடித்தார்கள். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே இன்று அதிலுள்ள ஈயம், யுரேனியம் சீரான வேகத்தில் சிதைந்து வந்தது என்று கொண்டு வயதைக் கணக்கிடலாம். விந்தியப் பகுதியின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சாம்பல் படிவுகளுக்கு ஏறத்தாழ 163 கோடி ஆண்டு என்று 2002-இல் வெளியான முடிவுகள் இவ்வழியில் வந்தவையே. வேதியியலும் கணிதமும் இல்லாமல் இந்த வேலை நடக்காது. பாறை பிடிக்கும், கணக்குப் பிடிக்காது என்று அவள் சொன்னால் நான் தயங்குவேன்.

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இத்துறை உண்டு. இளநிலைக்குப் பின் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வெழுதி ஐஐடியில் முதுநிலை சேரலாம். முதுநிலை முடித்தவர்கள் யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியே இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேரலாம். காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசிக்கும் களிப்பாறை அறிந்தவர்கள் தேவை, ஏனெனில் எண்ணெய் பெரும்பாலும் அப்பாறையில்தான் பிறக்கிறது.

பெண் பிள்ளை காட்டிலும் மேட்டிலும் அலைய வேண்டுமே என்ற உங்கள் கவலை நியாயமானது. களப்பணி உண்டு, ஆண்டில் சில மாதங்கள் முகாமில் தங்கவும் நேரலாம். ஆய்வகத்தை விரும்புவோர்க்குக் காலக்கணிப்பு, நுண்புதைபடிவம் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. சேர்க்கைக்கு முன் கல்லூரிக்கு நேரில் சென்று, களப்பயணத்தில் பேராசிரியைகள் உடன் வருகிறார்களா, தங்குமிடம் எப்படி என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடுங்கள்.